மஞ்சள் துணியில் சுற்றிய துப்பாக்கி

அந்த மஞ்சள் துணி இன்னும் என்னிடம் இருக்கிறது. எத்தனை முறை துவைத்தும் நடுவிலுள்ள எண்ணெய்க் கறை போகவில்லை.

என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போன புதிதில், புத்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அவ்வளவு பெரிய வீட்டில் எஜமானியம்மா ஒருவர்தான். ஐயா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார்கள். சாமி அறையின் மேல்பலகையில் மஞ்சள் துணி சுற்றிய நீளமான மூட்டை ஒன்று இருக்கும். திருமலைக்கு நேர்ந்து காணிக்கை கட்டி வைத்த முடுப்பு என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் அதன்மேல் துளசி வைத்து, என் வீட்டுக்காரர் நல்லபடி திரும்பி வரவேண்டும் என்று கும்பிட்டு வந்தேன்.

புரட்டாசிக்காக அறையைக் கழுவ அதை இறக்கியபோது, கனத்தில் கை தவறியது. துணி விலகி இரும்புக் குழாய் வெளியே வந்தது.

“ஐயோ அம்மா, துப்பாக்கி!”

“ஏன்டி கத்திக்கினு இருக்கிறே? அது சுடாது. அவரோடது.”

அம்மா தரையில் உட்கார்ந்து அதை மடியில் வாங்கிக்கொண்டார். தோப்பில் இறங்கும் காட்டுப்பன்றிக்காக ஐயா வாங்கியதாம். எல்லோரும் வைத்திருக்கும் அளவுத் தோட்டா அதற்குச் சேராது. அதற்கான தோட்டா சென்னைக் கடைகளிலும் நின்றுபோய்ப் பல வருஷம். ஆனாலும் சாயங்காலமானால் ஐயா எண்ணெய் போட்டு, பக்கவாட்டில் தாழ்ப்பாள் போலிருக்கும் குமிழை இழுத்து இழுத்துத் தள்ளிப் பார்ப்பாராம். அம்மாவும் குமிழைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளினார். சடக், சடக்.

“இந்தச் சத்தம் கேட்டா அவரு கூடத்துல குந்திக்கினு இருக்கிறாப்பல இருக்குது. ஸ்டேஷன்ல ஒப்படைச்சுடுன்னு பெரியவன் போன்ல சொல்லிக்கினே இருக்கான். நீ யார்கிட்டயும் மூச்சு விடாத.”

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை கான்ஸ்டபிள் வந்தார். தேர்தல் வருகிறது, லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் வைக்க வேண்டும், ஐயா பெயர் லிஸ்டில் இருக்கிறது என்றார்.

“அதெல்லாம் அவரு காலத்துலயே போயிடுச்சுப்பா.”

கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. வீட்டுல இருக்குதா, இல்லியா?”

விரதம். நெற்றியில் திருச்சூர்ணம். ‘இல்லை’ என்ற ஒரு சொல் எனக்கு வரவில்லை. கண் மட்டும் சாமி அறைப் பக்கம் போய்விட்டது.

அம்மா தாமே போய் எடுத்து வந்தார். கொடுக்குமுன் ஒருமுறை குமிழை இழுத்துத் தள்ளினார். கான்ஸ்டபிள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுக்கு எங்கயும் தோட்டா கிடைக்காதும்மா” என்றார்.

“அப்ப இங்கயே விட்டுட்டுப் போயேன்பா.”

“ரூல்ஸ் ஒத்துக்காதே அம்மா.”

துணியை அவர் கொண்டுபோகவில்லை. “பொய் சொல்லத் தெரியாதவ. இந்தா, நீயே வெச்சுக்கோ” என்று என் தோளில் போட்டார் அம்மா. கோபமா, பிரியமா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு சாயங்காலங்களில் அவர் கூடத்துக்கே வரமாட்டார். நான் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவேன்.

பெருமாள் என்னைக் கைவிடவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, பல வருஷம் என்னோடு இருந்துதான் கண்ணை மூடினார். மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் விட்டுப்போன கிரிக்கெட் மட்டையை அந்த மஞ்சள் துணியில் சுற்றிச் சாமி அலமாரிமேல் வைத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை பூ கொடுக்க வந்த எதிர்வீட்டு மருமகள் மேலே பார்த்தாள்.

“இன்னா அத்தே, முடுப்பா?”

நெற்றியில் திருச்சூர்ணம் ஈரமாகத்தான் இருந்தது.

“ஆமாம்மா” என்றேன்.