லோஹாய் வண்டிக்கடியில் கிடந்த நாள்

கராட்டு ஊரில் சஃபாரி வண்டி ஓட்டுகிற யாரிடமும் லோஹாயின் பட்டறைக்கு வழி கேட்டால் கையை நீட்ட மாட்டார்கள், தாடையால் காட்டுவார்கள். அவ்வளவு தெரிந்த இடம். பெரிய சாலையில் தேவாலயத்தைத் தாண்டியதும், காப்பித் தோட்டங்களுக்குப் பிரிகிற மண்பாதையின் முனையில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் இருபத்து மூன்று வருடமாக அவர் மல்லாந்து கிடந்தார். அவர் முகத்தைப் பார்த்தவர்களைவிட, வண்டிக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு டயர் செருப்புகளைப் பார்த்தவர்கள்தான் அதிகம். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த எல்லோருமே ஃபுண்டிதான். ஆனால் வெறுமனே ஃபுண்டி என்றால் அது லோஹாய்.

உடைந்த பட்டை ஸ்பிரிங்கை மாற்றுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதைவிடப் பெரியது அவருடைய காது. வண்டி சாலையிலிருந்து உள்ளே திரும்பும்போதே, பின்னால் இடது பக்கம் புஷ் போயிருக்கிறது, ஒரு யு போல்ட் தளர்ந்திருக்கிறது என்று இன்னொரு வண்டிக்கடியில் கிடந்தபடியே சொல்வார். இறங்கிப் பார்த்தால் அப்படியே இருக்கும். எந்த வண்டி எங்கே போய் வந்தது என்பதையும் நாங்கள் சொல்லத் தேவையில்லை. சாம்பல் போன்ற வெள்ளைத் தூசி என்றால் தெற்குச் சமவெளி. பிசினாக ஒட்டிய கறுப்புச் சேறு என்றால் மேற்கே ஆற்றோரம். ஒருமுறை என் வண்டியின் ஆக்சிலுக்கு மேலே சிக்கியிருந்த சின்ன விலா எலும்பை எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். “யாரோ உன்கூட வந்திருக்காங்க” என்றார்.

ஆனால் அந்தச் சமவெளியை அவர் பார்த்ததே இல்லை. நாலு மணி நேரப் பயணம்தான். உள்ளூர்க்காரர்களுக்கு நுழைவுச்சீட்டும் பெரிய விலையில்லை. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஜனங்கள் வந்து அவர் வாசலில் புழுதி கிளப்பிக்கொண்டு போனார்கள். ஓட்டுநர்கள் அவரைச் சீண்டாத நாளில்லை. சிங்கத்துக்கு எத்தனை கால் என்று ஒருவன் கேட்டான். “நாலு. ஸ்டெப்னி கிடையாது” என்று அடியிலிருந்து பதில் வந்தது.

காரணம் கேட்டால் தன் அப்பாவின் சோளக்கொல்லையைச் சொல்வார். மலைவிளிம்புக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி ஒரே வாரத்தில் இரண்டு முறை அதை மிதித்துத் தின்றுவிட்டுப் போயின. அந்த வருடம்தான், பதினாலு வயதில், அவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஸ்பேனரைப் பிடித்தார். “மிருகத்தைப் பார்க்க அவ்வளவு தூரம் போறாங்க. எங்க வீட்டுக்கு அதுவே தேடி வந்துச்சு” என்பார். அதில் சிரிப்பும் உண்டு, சிரிப்பில்லாததும் உண்டு. அவர் மனைவி எமிலியானாவுக்கு யானை என்ற சொல்லே பிடிக்காது.

நான் மார்குவே. பதினாறு வருடமாக ஓட்டுநராகவும் வழிகாட்டியாகவும் இருக்கிறேன். ஃபுண்டி கடைசியில் அந்தச் சமவெளிக்கு வந்தது என் வண்டியால்தான்.

அது பிப்ரவரி மாதம். சின்ன மழைக்காலம் முடிந்து தெற்குச் சமவெளி பச்சையாகிக் கிடந்தது. நியும்பு என்று நாங்கள் சொல்லும் காட்டுமாட்டுக் கூட்டங்கள் கன்று போட அங்கே இறங்கியிருந்தன. மாலையில் முகாமுக்குத் திரும்பும்போது, புல்லுக்குள் மறைந்திருந்த ஒரு காட்டுப்பன்றி வளைக்குள் என் பின்சக்கரம் இறங்கியது. ஸ்பிரிங்கின் மெயின் பட்டை முறிந்து ஆக்சில் ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது. விருந்தினர்களான வயதான தம்பதியை வேறொரு வண்டியில் ஏற்றி முகாமுக்கு அனுப்பினேன். மறுநாள் மாலை நாலு மணிக்கு அவர்களை விமானத் திடலில் சேர்க்க வேண்டும். ஃபுண்டிக்குச் சொல்லியனுப்பினேன். வெளிவேலைக்கு வழக்கமாகப் போகும் அவருடைய கூட்டாளிக்கு அந்த வாரம் காய்ச்சல். வேறு வழியில்லாமல் அவரே கிளம்பினார்.

முகாமுக்குக் காய்கறி ஏற்றி வந்த லாரி மறுநாள் காலை பத்து மணிக்கு அவரை என் வண்டியருகே இறக்கிவிட்டது. வழியிலுள்ள எரிமலைப் பெரும்பள்ளத்தின் விளிம்பில், எல்லா வண்டியும் நின்று வாயைப் பிளந்து பார்க்கும் இடத்தில், இவர் கண்ணைத் திறந்தாராம். பிரேக் சூடாயிருக்கிறது, பார்த்து இறக்கு என்று சொல்லிவிட்டுக் கருவிப் பெட்டியில் தலையை வைத்து மறுபடி தூங்கிவிட்டாராம். லாரிக்காரர் இதைச் சொல்லிச் சிரித்தார்.

லாரி போனபின் லோஹாய் சுற்றிலும் பார்த்தார். எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் ஒரு பக்கம் மலை இருக்கும், ஒரு பக்கம் சரிவு இருக்கும். இங்கே எதுவும் இல்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத புல், அதற்குமேல் வானம். அவர் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டார்.

“இதுக்கு ஓரம் எங்க தம்பி?” என்றார்.

ஓரம் இல்லை என்றேன். சட்டென்று கீழே படுத்து வண்டிக்கடியில் நகர்ந்துவிட்டார். அங்கேதான் அவருக்கு மூச்சு சீரானது என்று நினைக்கிறேன்.

வேலை நன்றாகத்தான் போனது. சக்கரத்தைக் கழற்றினோம். அடிச்சட்டத்துக்கு ஜாக்கி கொடுத்து, உடைந்த பட்டையை இறக்கி, புதியதை ஏற்றினோம். ஆக்சிலை அதன் இடத்துக்குத் தள்ள ஒரு மணி நேரம் பிடித்தது. அவர் யு போல்ட்டுகளை முடுக்கத் தொடங்கியபோது கை நின்றது.

“எஞ்சின் ஓடுதா?”

“சாவி என் பையில இருக்கு, ஃபுண்டி.”

“அப்போ எது நடுங்குது?”

எனக்கு எதுவும் தெரியவில்லை. எழுந்து திரும்பினேன். கிழக்கே தொடுவானத்தின் அடிவிளிம்பு கறுத்திருந்தது. கண்ணெதிரே அந்தக் கறுப்பு அகலமானது. முதலில் சில வரிக்குதிரைகள் எங்களைக் கடந்தன. பின்னால் நியும்புகள். மாட்டுக் கொம்பும் குதிரைப் பிடரியும் ஆட்டுத்தாடியுமாக, நீள வரிசைகளாக, ஆயிரக்கணக்கில். அவை ஓடவில்லை. மேய்ந்துகொண்டும் கனைத்துக்கொண்டும், நிற்காமல் வந்துகொண்டிருந்தன.

வண்டிக்குள் ஏறச் சொன்னேன். லோஹாய் மறுத்துவிட்டார். போல்ட் பாதிதான் முடுக்கியிருந்தது. ஏதாவது ஒன்று இடித்து ஜாக்கி சரிந்தால் ஆக்சில் பழையபடி நகர்ந்துவிடும் என்றார். கழற்றிய சக்கரத்தை அடிச்சட்டத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்துத் தள்ளினார்.

“நீ உள்ள போ. இதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது.”

நான் ஏறிக் கூரைத் திறப்பில் நின்றேன். கூட்டம் வண்டியின் முன்னால் இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் உரசாமல் நகர்ந்தது, பின்னால் மறுபடி சேர்ந்தது. இந்தக் காட்சியை நான் நூறு முறை பார்த்தவன். விருந்தினர்களுக்கு அதன் எண்ணிக்கையை ஒப்பிக்கிறவன். அன்று ஃபுண்டிக்கு என்ன ஆயிற்றோ என்ற பயத்தில் ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டு முறை அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாம் முறை கீழேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

“பேசாத.”

அவர் அங்கே பார்த்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அவருக்குத் தலைகள் தெரியவில்லை, கொம்பு தெரியவில்லை. கால்கள்தான். வண்டியின் நான்கு பக்கமும் கால்கள். குளம்புகளுக்கு நடுவே வெளிச்சம் வந்து வந்து போனது. நசுங்கிய புல்லின் வாசனை, சாணி, பால். தன் முதுகுக்குக் கீழே மண் அதிர்ந்து, அந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறி, தன் இதயம் எது தரை எது என்று தெரியாமல் போய்விட்டது என்றார். ஐந்து முழம் தள்ளி ஒரு ஜோடிப் பின்னங்கால்கள் நின்றன. அவற்றுக்கு நடுவே ஈரமான ஏதோ ஒன்று பொத்தென்று விழுந்தது. ஒரு மூக்கு இறங்கி வந்து அதை நக்கியது. அது எழ முயன்று சாய்ந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி சாய்ந்தது. மூன்றாம் தடவை நின்றது. நின்ற கையோடு நடந்தது. நடந்த கையோடு ஓடியது.

“நாலு நட்டு முடுக்குற நேரம்கூட ஆகல” என்றார். இதை மட்டும் பலமுறை சொன்னார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூட்டம் மேற்கே அரை மைல் தள்ளிப் போயிருந்தது. நான் இறங்கினேன். லோஹாய் வெளியே வரவில்லை. குனிந்து பார்த்தேன். சக்கரம் இல்லாத பக்கத்து நிழலில் ஒரு கன்று நின்றது. வெளிர் பழுப்பு நிறம், தொப்புள்கொடி இன்னும் காயவில்லை. கிரீஸ் அப்பிய அவர் கையை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. தொடாதீர்கள், மனித வாடை பட்டால் தாய் சேர்க்காமல் போகலாம் என்றேன். அவர் இரண்டு கைகளையும் நெஞ்சோடு மடித்துக்கொண்டார்.

மீதி வேலையை அதன் பார்வையிலேயே முடித்தோம். சக்கரத்தை மாட்டியதும் அது டயரில் சாய்ந்து நின்றது. எஞ்சினைப் போட்டு நகர்த்தினேன். கன்று வண்டியின் பக்கத்திலேயே நடந்தது. வேகம் கூட்டினேன். ஓடி வந்தது. நிறுத்தினேன், அதுவும் நின்றது.

தாயைத் தவறவிட்ட கன்று எது அசைந்தாலும் அதன் பின்னால் போகும் என்று அவரிடம் சொன்னேன்.

“இதுக்கு முன்னாடியும் இப்படி வந்திருக்கா?”

“வந்திருக்கு.”

“என்ன பண்ணுவ?”

“வேகமா ஓட்டிட்டுப் போயிடுவோம்.”

“கண்ணாடில பார்ப்பியா?”

“பார்க்க மாட்டேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. எஞ்சினை அணைக்கச் சொன்னார். கதவைத் திறந்து, ஒரு காலைப் படியில் வைத்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். பட்டறையில் பழுதான வண்டியைக் கேட்கும்போது எப்படி இருப்பாரோ அப்படி. எனக்கு மேற்கிலிருந்து ஒரே இரைச்சல்தான் கேட்டது.

“ஒண்ணு கத்துது. மத்ததெல்லாம் முன்னாடி போகுது, அது மட்டும் ஒரே எடத்துல நின்னு கத்துது. குரல் நடுவுல உடையுது பாரு.”

“எனக்குக் கேக்கல, ஃபுண்டி.”

“உனக்குக் கேக்க வேணாம். ஓட்டு. நடக்கிற வேகத்துல ஓட்டு.”

மணி ஒன்றரை ஆகியிருந்தது. முகாம் எதிர்த்திசையில். ஓட்டினேன். கன்று முன்சக்கரத்தை ஒட்டி வந்தது. இடதுபக்கம், புல்லோடு புல்லாகப் படுத்திருந்த ஒரு கழுதைப்புலி எழுந்து, எங்களோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தது. லோஹாய் அதைப் பார்த்தார். இடது, கொஞ்சம் வலது, நேரே என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார்.

கூட்டத்தின் கடைசிக்கு வந்ததும் நிறுத்தினோம். பக்கத்திலிருந்த ஒரு தாய்மாடு வந்து கன்றை முகர்ந்தது. தாய் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அது தலையைத் தாழ்த்தி முட்டித் தள்ளியது. கன்று உருண்டு விழுந்து, எழுந்து, மறுபடி டயருக்கே வந்தது. கழுதைப்புலி உட்கார்ந்துகொண்டது.

“அது இல்ல” என்றார் லோஹாய். “அதோட குரல் வேற.”

அப்போதுதான் எனக்கும் கேட்டது. கரகரத்து, பாதியில் அறுந்து, மறுபடி தொடங்கும் ஒரு குரல். அத்தனை ஆயிரமும் மேற்கே போக, ஒன்று மட்டும் அவற்றுக்கு எதிராக, இடிபட்டு இடிபட்டு கிழக்கே வந்துகொண்டிருந்தது. கன்றின் காதுகள் நிமிர்ந்தன. அது ஒரு சின்னச் சத்தம் போட்டது. தாய் ஓடி வந்து அதை முகர்ந்தது, ஒருமுறை, இன்னொருமுறை. பிறகு திரும்பி நடந்தது. கன்று அதன் விலாவை ஒட்டிக்கொண்டது. இருபது எட்டுக்குள் எந்தத் தாய், எந்தக் கன்று என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

லோஹாய் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

“இந்த மாதிரி தினமும் நடக்குதா?”

நடக்கிறது என்றேன். இந்த மாதம் முழுக்க, ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன, நூற்றுக்கணக்கில் தவறிப்போகின்றன என்றேன். அவர் தலையாட்டினார். முகாமை நோக்கி வண்டியைத் திருப்பினேன். எமிலியானா கட்டிக்கொடுத்திருந்த சோளமும் பயறும், டப்பாவின் மூடி திறக்காமலே ஊர் திரும்பியது.

விமானத் திடலுக்கு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனேன். விமானி கத்தினார், அலுவலகத்தில் இரண்டு நாள் கத்தினார்கள். கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு பின்னால் வரும் எந்தக் கன்றையும் விட்டு ஓட்டியதில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கண்ணாடியைப் பார்க்கிறேன். முடிந்தபோதெல்லாம் திரும்புகிறேன்.

அடுத்த பிப்ரவரியில் லோஹாய் பட்டறைக்கு மூன்று நாள் பூட்டுப் போட்டுவிட்டுச் சமவெளிக்கு வந்தார். சாலையோரம் வண்டிகள் வரிசையாக நின்று வைதன. ஒவ்வொரு வருடமும் அப்படியே. மூன்றாவது வருடம் எமிலியானாவையும் கூட்டி வந்தார். யானை கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே இறங்கி வீட்டுக்கு நடந்துவிடுவேன் என்று சொல்லித்தான் அவர் ஏறினார். வழியெல்லாம் முழங்கால் வலியைப் பற்றியும் என் ஓட்டுதலைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தார்.

மதியத்துக்குமேல் கூட்டத்தின் நடுவே நிறுத்தினேன். எமிலியானா பேச்சை நிறுத்தினார். பையைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருக்கும் தலைத்துணியை எடுத்து நிதானமாகக் கட்டிக்கொண்டார்.

“இதையெல்லாம் யாரு ஓட்டிட்டு வர்றது?” என்று கணவரிடம் கேட்டார்.

“யாரும் இல்ல. அதுங்களே வருது.”

“வருஷா வருஷமா?”

“நாம பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து.”

எமிலியானா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கதவைத் திறந்து காலைத் தரையில் வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். நான் நாலாபக்கமும் பார்த்துவிட்டுச் சரி என்றேன். அவர் இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையில் உட்கார்ந்தபடியே, ஒரு பாதத்தை மட்டும் புல்லில் ஊன்றினார். லோஹாய் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்கிறவரை நாங்கள் மூவரும் அங்கேயே இருந்தோம்.