பிள்ளையாரைக் காக்க வைத்த டாக்டர்

குதிரை டாக்டர் சுகந்தினி பிள்ளையாரையே அதட்டிவிட்டாராம். மலேசியாவில் எங்கள் கூலிம் முழுக்க இதே பேச்சு. சாமியை அதட்டும் ஆளைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்குமா? புக்கிட் செலம்பாவுக்கு மோட்டாரை விட்டேன்.

டாக்டர் யாழ்ப்பாணக் குடும்பம். அப்பா லோகேந்திரன் உறவினரிடம் "மகள் டாக்டர்" என்பார். யாருக்கு என்று கேட்பதற்குள் டீ எடுக்க உள்ளே போய்விடுவார். மகளோ கார் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துகிறவர். மருந்தில் நின்றபடி மயங்கும் குதிரை, திடீர்ச் சத்தம் கேட்டால் விழித்து உதைக்கும். அதனால் வந்த பழக்கம்.

சம்பவம் நடந்தது அந்த ஊர் மளிகைக்கடை அப்பளசாமியின் கொட்டகையில். கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் அவருடைய குதிரையின் குட்டி, தகரத்தில் உரசி இமையைக் கிழித்துக்கொண்டது. அன்றே தைக்காவிட்டால் கண்ணுக்கு ஆபத்து. தாயைக் காணாவிட்டால் குட்டி துள்ளும். குட்டியைத் தொட்டால் தாய் துள்ளும். ஆகவே இரண்டுக்கும் மயக்க ஊசி. தாயின் தலை தொங்கி, கீழுதடு தளரும்வரை டாக்டர் காத்திருந்தார். அப்பளசாமியின் மனைவி சண்முகவள்ளி குட்டியின் மார்பை ஒரு கையாலும் பின்புறத்தை மறு கையாலும் அணைத்துக்கொண்டார். இமையை மரத்துப்போகச் செய்து தையல் தொடங்கியது.

பாதித் தையலில் அப்பளசாமிக்குப் பக்தி வந்துவிட்டது. குட்டியின் கண்ணுக்காக, கொட்டகை வாசலில் இருக்கும் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டியிருந்தார். தேங்காயோடு, பிள்ளையார் முன்னால் இருந்த கல்லுக்கு நேரே கை ஓங்கியது.

டாக்டரால் கத்தவும் முடியாது, ஊசியை விடவும் முடியாது. "அண்ணே, சத்தம் கேட்டா குதிரை நம்ம மூணு பேரையும் உதைச்சிரும் லா. பிள்ளையார் பொறுத்துக்குவாரு" என்றார் மூச்சுக்காற்றில்.

சண்முகவள்ளி பல்லைக் கடித்தார்: "எங்கம்மா வந்தா ஊமையாட்டம் நிப்பீங்கல்ல? அப்படியே நில்லுங்க!"

கடைசி முடிச்சு விழும்வரை, ஓங்கிய கையோடு நின்றார் அப்பளசாமி. அந்தக் கொட்டகையில் ஊசி இல்லாமலே நின்றபடி உறைந்த ஒரே உயிர் அவர்தான்.

"இப்ப உடைக்கலாமா டாக்டர்?"

"தாய் நல்லாத் தெளியட்டும் அண்ணே. அதுவரைக்கும் புல்லும் போடாதீங்க, தொண்டையில அடைச்சிக்கும்."

நான் போனபோது தையலைப் பார்க்க அதே கொட்டகைக்கு வந்திருந்த டாக்டர், ஊர் வதந்தியைச் சொன்னதும் சிரித்தார், அதுவும் சத்தமில்லாமல். "பிள்ளையாரை எங்க அதட்டினேன்? அப்பளசாமி அண்ணனைத்தான். அதையும் மெதுவாத்தான்."

குட்டி இப்போது இரண்டு கண்ணாலும் பார்த்து என் சட்டைப் பையைக் கடிக்கிறது.

"அந்தத் தேங்காய் என்ன ஆச்சு?" என்றேன்.

அப்பளசாமி மனைவியைப் பார்த்தார்.

"குதிரை தெளியறதுக்குள்ள இவருக்குப் பசி வந்துருச்சு. சட்னி அரைச்சிட்டேன்" என்றார் சண்முகவள்ளி.

வாசல் பிள்ளையாருக்குத் தேங்காய் இன்னும் பாக்கி.