காலி செய்யக்கூடாத குளம்

திற்பரப்பு அருவிக்குப் போகிற சாலையில் வீட்டை வைத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் நீச்சல் குளம் கட்டுவது, கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். என் கணவருக்கு உறைக்கவே இல்லை. வளைகுடாவில் பெரிய வீடுகளின் நீச்சல் குளங்களைக் கழுவியே காலம் போக்கியவர் அவர். ஒன்றில்கூட இறங்கிக் குளித்ததில்லை. வேலைக்காரனுக்கு அனுமதி கிடையாது. ஊர் திரும்பியதும் முதலில் கட்டியது இந்தக் குளத்தைத்தான். சின்னதுதான், நீல டைல் பதித்தது. ஆனால் கட்டிய பிறகும் வலையைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே நின்று சருகு அள்ளினார். பழக்கம் விடவில்லை. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு மகள் குடும்பத்தோடு வருகிறாள் என்றதும், குளத்தைக் கழுவியே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கார்த்திகை மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கிணற்றில் குனிந்து கையாலேயே வாளியை முக்கலாம், அவ்வளவு தண்ணீர்.

“இஞ்ச பாருங்க, பாதி இறைச்சா போதும். முழுசும் வத்த வைக்காதீங்க,” என்றேன்.

“ஏட்டி, எனக்க தொழிலை எனக்கே படிப்பிச்சுத் தாறியா? கடைசிச் சொட்டு வரைக்கும் எடுத்தாத்தான் சுத்தம்.”

அங்கே அது சரி. பாலைவனத்து மணலுக்கடியில் தண்ணீர் ஏது? நம்மூர் மண் மழைக்காலத்தில் தோண்டின இடமெல்லாம் ஊறும். என் பிறந்த வீட்டில் புதைத்த காலி செப்டிக் டேங்க் ஒரே மழையில் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்ததைக் கண்ணால் கண்டவள் நான். அதையும் சொன்னேன். தலையாட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நான் ஆராதனைக்குப் போன நேரம் பார்த்து மோட்டாரை இறக்கிவிட்டார்.

நான் திரும்பியபோது குளம் வெறுந்தரை. துடைப்பத்தோடு நடுவில் நின்றார், முகமெல்லாம் பெருமை. ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. அவர் காலடியில் டைல் ஒன்று பெயர்ந்து, அதன் விளிம்பில் செம்மண் தண்ணீர் கசிந்தது. பக்கத்தில் தரை தோசைபோல் லேசாக உப்பியிருந்தது.

“அய்யோ, எனக்க குளம்,” என்றார். அவ்வளவுதான். துடைப்பத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். அவருடைய உழைப்பெல்லாம் அந்த நாலு சுவருக்குள் இருந்தது. என்ன செய்யவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“நிக்காதீங்க. மோட்டாரைத் தூக்கிக் கிணத்தில போடுங்க. ஓஸ் குழாயை இந்தப் பக்கம் திருப்புங்க.”

“கழுவின குளத்தில கலங்கல் வெள்ளமா?” கிணற்றுத் தண்ணீரைத்தான் சொன்னார்.

“அடியில இருந்து தள்ளுததை மேல இருந்து அமுக்கணும். கிணத்தில வெள்ளம் இறங்கினா மண்ணிலயும் இறங்கும்லா? போடுங்க!”

போட்டார். மோட்டார் ஓடியது. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த அண்டைவீட்டு அக்கா, “இறைச்சதும் நீங்க, நிறைக்கதும் நீங்களா மக்களே?” என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே ஓஸைப் பிடித்தேன். கிணறு இறங்க இறங்க, குளம் ஏறியது. கசிவு நின்றதா என்று கரையிலிருந்து தெரியவில்லை. தண்ணீர் கடும் சாயா நிறத்தில் இருந்தது.

காலால் தடவிப் பார்க்கிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. உப்பியிருந்த இடத்தைக் காலால் தடவினார்.

“அமுங்கிட்டு,” என்றார், குரல் உடைந்து.

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. போதும், ஏறி வாருங்கள், மோட்டாரை நிறுத்துகிறேன் என்றேன். அவர் ஏறவில்லை. மெதுவாகக் கழுத்துவரை அமர்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு நீச்சல் குளத்தின் தண்ணீருக்குள் இருந்தார்.

“நிறுத்தாதட்டி,” என்றார். “இன்னும் கொஞ்சம் கூட வரட்டும்.”