மேகலாவின் பன்னிரண்டு கணினிகள்

தலைநகரில், மயூர் விஹாரில் உள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தில் மூன்று கட்சிகள் உண்டு. அரசியல் கட்சி இல்லை. அதைப் பேசினால் சங்கம் உடைந்துவிடும் என்று விதிமுறையிலேயே தடை போட்டிருக்கிறோம். நான் சொல்வது கணினிக் கட்சி. தலைவர் ராமசுப்ரமணியன் விண்டோஸ் கட்சி. குருகிராமில் செயலி தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் மகன் அபிஷேக் மேக் கட்சி. மூன்றாவது லினக்ஸ். அதில் ஒரே ஓர் ஆள்தான், எங்கள் கணினி வகுப்பு டீச்சர் மேகலா. அவரைக் கேட்டால் தனக்குக் கட்சியே கிடையாது என்பார்.

நான் ராஜகோபால், சங்கச் செயலாளர். மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். விண்டோஸ் கட்சியின் அடிமட்டத் தொண்டன். முப்பது வருடமாக ஒரே கடையில் காப்பிப்பொடி வாங்குகிறவனுக்கு மற்றக் கடைப் பொடியெல்லாம் வறுத்த புளியங்கொட்டையாகத்தான் தெரியும். என் பக்தி அந்த ரகம். மேக் வைத்திருப்பவர்களைக் கண்டால் எரிச்சல் வரும், லினக்ஸ்காரர்களைக் கண்டால் பரிதாபம் வரும். இரண்டுக்கும் காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

மேகலா பிறந்தது பக்கத்தில் உள்ள ஏழைக் குடியிருப்பான திரிலோக்புரியில். அப்பா வேலு கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து மேம்பாலம் கட்ட வந்தவர். அம்மா எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். மேகலா பிளஸ் டூ முடித்த வருடம், அதில் ஒரு வீட்டில் செத்துப்போன கணினி என்று ஒன்றைத் தூக்கி வெளியே வைத்தார்கள். அம்மா அதை ரிக்‌ஷாவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அதில் விண்டோஸ் பாதி எழுந்து படுத்துக்கொள்ளும். ரிப்பேர்காரர் கேட்ட தொகைக்கு வீட்டில் வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேகலா தரியாகஞ்ச் நடைபாதைப் புத்தகச் சந்தைக்குப் போய் ஒரு பழைய கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினார். அதோடு இலவசமாக ஒரு குறுந்தகடு இருந்தது. அதில் இருந்தது, விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கணினியை இயக்கும் லினக்ஸ். பத்திரிகை ஆங்கிலத்தில் இருந்ததால் பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு பதினொரு நாள் போராடினார். பன்னிரண்டாம் நாள் திரை விழித்துக்கொண்டது. தெருவே வந்து எட்டிப் பார்த்ததாம்.

“லினக்ஸ் மேல உனக்கு அப்படி என்னம்மா பற்று?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“பற்றெல்லாம் இல்ல சார். எல்லா கதவும் மூடிக் கெடந்தப்ப அது ஒண்ணுதான் தொறந்துச்சு. நாளைக்கு வேற கதவு தொறந்தா அதுலயும் போவேன்” என்றார்.

பகலில் லக்ஷ்மி நகரில் ஒரு டிடிபி கடையில் அவருக்கு வேலை. தமிழ், ஹிந்தி, ஆங்கிலம் மூன்றிலும் கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பார். அங்கே விண்டோஸ். பக்கத்து டிசைன் ஆபீசில் மேக். இரண்டிலும் எது மக்கர் பண்ணினாலும் “மேகலா தீதீ, ஜல்தி” என்று அவசர அவசரமாக இவரைத்தான் கூப்பிடுவார்கள். மாலை ஆறிலிருந்து எட்டு வரை எங்கள் சங்கத்தில் வகுப்பு. ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட பன்னிரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு எட்டு வருடமாக நடத்துகிறார். பத்தொன்பது பெண்கள் படிக்கிறார்கள். பெரும்பாலும் எங்கள் வீடுகளில் சமைப்பவர்கள், பெருக்குபவர்கள். இவரிடம் படித்த மஞ்சு இன்று ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுன்ட்டரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்போது படிக்கும் பத்தொன்பது பேருக்கும் அந்த நாற்காலிதான் குறி.

போன ஆகஸ்டில் செய்தி வந்தது: அக்டோபரோடு விண்டோஸ் பத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும். பதினொன்றுக்குப் போகலாம் என்றால் எங்கள் பழைய பெட்டிகளில் அதற்கு வேண்டிய சிப் இல்லை. மேகலா என்னிடம் வந்து, இந்தக் கணினிகளுக்கு லினக்ஸ் போதும், காசு செலவில்லை, இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம் என்றார். நான் தலையாட்டினேன். இரண்டாம் தடவையும் சொன்னார், தலையாட்டினேன். மூன்றாம் தடவை, “எழுதிக் குடும்மா, ஃபைல்ல போட்டுடலாம்” என்றேன்.

இதை விளக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். டீத்தூள் வாங்குவதற்குக்கூட ஃபைல் போடுவோம். குறிப்பு எழுதி, பக்க எண் இட்டு, பார்க்க வேண்டிய பக்கத்தில் கொடி செருகி மேலே அனுப்பினால், தலைவர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கீழே அனுப்புவார். பணியில் இருந்தவரை பச்சை மை பிடிக்கிற பதவிக்கு அவர் உயரவில்லை. அந்த ஆசையை இங்கே தீர்த்துக்கொள்கிறார். மேகலாவும் எங்களைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பு எழுதப் பழகியிருந்தார். எழுதிக் கொடுத்தார். ஃபைல் மேலே போயிற்று, கீழே வந்தது. எனக்கு மறந்துபோயிற்று.

செப்டம்பர் கடைசியில் ஒருநாள் தலைவர் வகுப்பறைக் கணினி ஒன்றில் கூட்டக் குறிப்பு அடித்துவிட்டு முகமெல்லாம் பல்லாக வந்தார்.

“ராஜகோபால், கவனிச்சேளா? பழைய மெனுவெல்லாம் திரும்பி வந்துடுத்து! ஃபைல், எடிட், வியூ, எல்லாம் வரிசையா மேலயே இருக்கு. இதுக்காகப் பதினஞ்சு வருஷமா கத்திண்டிருந்தேன். விண்டோஸ்காரன் கடைசியில காது குடுத்துட்டான் பாருங்கோ!”

நானும் கவனித்திருந்தேன். முன்பெல்லாம் பட்டனை அழுத்திவிட்டுக் காப்பி குடித்து வரலாம். இப்போது உட்காருவதற்குள் திரை வந்துவிடுகிறது. புது அப்டேட் அருமை என்று அன்று அரை மணி நேரம் விண்டோஸைப் புகழ்ந்தோம்.

நவம்பரில் பொதுக்குழுக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் ஒட்டினோம். நான்காவது தீர்மானம்: காலாவதியான விண்டோஸ் பத்து உள்ள பன்னிரண்டு கணினிகளையும் பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரருக்குப் போட்டுவிட்டு, புதியவை வாங்கும்வரை கணினி வகுப்பை நிறுத்துவது. புதியவை எப்போது வரும்? சங்கத்தில் ‘பரிசீலனையில் உள்ளது’ என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அறையில் ரம்மி மேஜை போடலாம் என்று அதற்குள் இரண்டு பேர் அளவெடுத்துவிட்டார்கள்.

அன்று மாலையே மேகலா வந்தார். கண் சிவந்திருந்தது.

“சார், நோட்டீஸ்ல விண்டோஸ் பத்துன்னு போட்டிருக்கு. ஆனா மெஷின்ல...”

“அஜெண்டால வந்துடுத்தும்மா. எதுவானாலும் மீட்டிங்ல பேசு” என்று வெட்டிவிட்டேன்.

“டீக் ஹை சார். மீட்டிங்லயே பேசறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டு வருட வகுப்பு போகப் போகிறது என்று நிற்கும் பெண்ணுக்கு ஒரு நிமிடம் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு கூட்டம். கூடம் நிறைந்திருந்தது. பத்தொன்பது பெண்களும் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு வந்து கடைசி வரிசையில் சுவரோரம் நின்றார்கள். என் வீட்டில் சமைக்கும் ஆராயி முதல் ஆளாக நின்றார். காலை இட்லியை அவர் பேசாமல் மேஜையில் வைத்தபோதே எனக்குக் கொஞ்சம் உறைத்திருந்தது.

நான்காவது தீர்மானத்தை விளக்க அபிஷேக் எழுந்தான். மூன்று சிஸ்டங்களையும் ஒப்பிட்டுப் படங்களோடு தயாரித்திருந்தான். மேக்புக்கைத் திறந்தான். எங்கள் ப்ரொஜெக்டர் அரதப் பழசு. அதன் வயரை இவன் லேப்டாப்பில் செருக ஒரு குட்டி இணைப்பான் வேண்டுமாம்; அதை வீட்டிலேயே விட்டுவிட்டான்.

“நோ ப்ராப்ளம் அங்கிள், பென் ட்ரைவ்ல இருக்கு. வேற சிஸ்டம் குடுங்க” என்றான்.

வகுப்பறையிலிருந்து ஒரு கணினியைத் தூக்கி வந்தார்கள். தூக்கி வந்தவர்களில் ஆராயியும் ஒருவர். வயரை மாட்டியவர் அவர்தான், பென் ட்ரைவைச் செருகிக் கோப்பைத் திறந்தவரும் அவர்தான். சுவரில் படம் பளிச்சென்று வந்தது.

அபிஷேக் நன்றாகத்தான் பேசினான். தமிழ் பாதி, ஹிந்தி கால், ஆங்கிலம் கால். விண்டோஸ் எல்லாருக்கும் பழக்கமானது, ஆனால் புதுப் பெட்டி வேண்டும். மேக் அழகானது, உழைக்கும், ஆனால் விலை. கடைசிப் படத்தில் பெரிய எழுத்தில் இருந்தது: ‘லினக்ஸ்: இன்ஜினியர்களுக்கு மட்டும். சாதாரண மக்களால் பயன்படுத்த முடியாது.’

தலைவர் அதைப் பிடித்துக்கொண்டார். “கரெக்ட். நம்ம சங்கம் இன்னிக்கு இவ்வளவு நன்னா நடக்கறதுன்னா அது விண்டோஸால. மூணு மாசமா நான் எல்லா மினிட்ஸும் இந்த மெஷின்லதான் அடிக்கறேன், என்ன வேகம்! ஆனா என்ன பண்றது, காலாவதி ஆயிடுத்து. லினக்ஸ் போடலாம்னு மேகலா சொன்னதா ராஜகோபால் சொன்னார். அதெல்லாம் நமக்கு ஒத்துவராதும்மா. என்னால ஒருநாள் அதுல வேலை பண்ண முடியாது.”

மேகலா எழுந்து முன்னால் வந்தார். கையில் எங்கள் சங்கத்து ஃபைல்.

“பேசலாமா சார்?”

“சொல்லும்மா.”

“இந்தக் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இல்ல சார். பன்னெண்டுலயும் இல்ல. செப்டம்பர்லயே எடுத்துட்டு லினக்ஸ் போட்டாச்சு. மூணு மாசமா நீங்க மினிட்ஸ் அடிக்கறது லினக்ஸ்ல. இப்ப அபிஷேக் சாரோட படம் ஓடறதும் லினக்ஸ்லதான்.”

அபிஷேக் சுவரைப் பார்த்தான். ‘சாதாரண மக்களால் பயன்படுத்த முடியாது’ என்ற வரி ஜம்மென்று மின்னிக்கொண்டிருந்தது. அதைத் திறந்து வைத்த ஆராயி பக்கத்தில் மவுஸைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

தலைவருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. “யாரைக் கேட்டு மாத்தினே? யார் பர்மிஷன் குடுத்தா?”

மேகலா ஃபைலைத் திறந்து, கொடி செருகிய பக்கத்தை அவர் முன் வைத்தார். மூன்று பக்கக் குறிப்பு. எந்த மென்பொருளை எடுப்பது, எதைப் போடுவது, யாருக்கு என்ன பயிற்சி, எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. அடியில் என் சுருக்கொப்பம். அதற்கும் கீழே பச்சை மையில்: ‘பார்த்தேன். ஆவன செய்க.’

நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். நடந்தது இதுதான்: தலைவர் எப்படியும் படிப்பார் என்று நான் படிக்காமல் ஒப்பமிட்டேன், ராஜகோபால் படித்திருப்பார் என்று அவர் படிக்காமல் கையெழுத்திட்டார். முப்பது வருடம் சாஸ்திரி பவன் அரசு அலுவலகத்தில் நாங்கள் கற்ற வித்தை.

“நேர்ல வந்து சொல்லியிருக்கப்படாதோ?” தலைவரின் குரல் இறங்கியிருந்தது.

“மூணு வாட்டி சொன்னேன் சார். எழுதிக் குடுன்னாங்க. எழுதிக் குடுத்தேன். நீங்க கையெழுத்து போட்டீங்க. இதுக்கு மேல நான் என்னா சார் செய்யணும்?” மேகலா அதோடு நிறுத்தவில்லை. “விண்டோஸ் மோசம்னு நான் சொல்லல. கடையில அதுலதான் எனக்கு சோறு. மேக்கும் நல்ல மெஷின்தான். ஆனா இந்தப் பன்னெண்டையும் கபாடிக்குப் போட்டா இவங்க பத்தொம்போது பேரும் காலம் பூரா பாத்திரம்தான் தேய்க்கணும். மெஷின் ஓடுது சார். ஓடறத எதுக்கு சார் நிறுத்தறீங்க?”

நான் எழுந்தேன். “தப்பு என்னுது. நாலாவது தீர்மானத்தைத் திரும்பப் பெறணும்னு முன்மொழியறேன்” என்றேன். செயலாளர் கொண்டுவந்த தீர்மானத்தைச் செயலாளரே எதிர்ப்பது சங்கத்தில் இதுதான் முதல் தடவை.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று.

“கையெழுத்து என்னுதுதான்” என்றார் கடைசியில். “நான் சர்வீஸ்ல இருந்தப்போ இப்படி ஒரு நோட் எந்த செக்‌ஷன்லேர்ந்தும் வந்ததில்லை. அந்த மெனு லினக்ஸ்காரன் குடுத்ததா? அப்படின்னா அவனுக்குத்தான் புத்தி இருக்கு.” கூடம் வெடித்துச் சிரித்தது. அவரும் சிரித்தார். “வகுப்பு நடக்கட்டும். ஆதரிக்கறவா கை தூக்குங்கோ.”

முதலில் உயர்ந்தது அபிஷேக்கின் கை. பிறகு எங்கள் வீட்டுப் பெண்கள், பிறகு எல்லாரும், ரம்மி மேஜைக்கு அளவெடுத்த இருவர் உட்பட. ஓட்டு இல்லாத பத்தொன்பது பெண்களும் பின்வரிசையில் கை தூக்கினார்கள். அதை வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஆராயி அடித்த விசிலில் என் மனைவி திடுக்கிட்டுத் திரும்பி, பிறகு தானும் கைதட்டினாள். நான் தோற்ற கட்சி. அன்று என்னைவிடச் சந்தோஷமாக அந்தக் கூடத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மேகலா அதோடு விட்டாரா? “நாப்பது பேரு வெயிட்டிங்ல இருக்காங்க சார். பக்கத்து ரூமும் வேணும்” என்று அந்தச் சூட்டோடு கேட்டு வாங்கிவிட்டார். குடியிருப்பில் காலாவதி ஆன கணினிகளையெல்லாம் கபாடிக்காரருக்குப் போடாமல் சங்கத்துக்குத் தரும்படி சுற்றறிக்கை விட்டோம். பொங்கலுக்குள் பதினேழு வந்தன. அதில் ஒன்று தலைவருடையது, ஒன்று என்னுடையது.

இரண்டு அறைக்கும் சேர்த்துக் கதவில் பலகை மாட்டினோம்: ‘கணினிப் பள்ளி. பொறுப்பு: வே. மேகலா.’ நாற்பத்திரண்டு வருடச் சங்கத்தில் பொறுப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏறிய முதல் திரிலோக்புரிப் பெயர் அது. அதை டைப் அடித்து அச்செடுத்துக் கொடுத்தது ஆராயி.