எதிர் ஃப்ளாட் முருகேசனும் என் வீட்டுப் பிரிண்டரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டுப் பிரிண்டர் என்னிடம் பொய் சொன்னது. ஒரு தடவை இல்லை, முப்பது தடவையாவது இருக்கும்.

பேப்பர் ஜாம் என்றது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு துணுக்குக் காகிதம்கூட இல்லை. மூடினேன். பேப்பர் ஜாம்! பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிஷம் சும்மா விட்டு, மறுபடி செருகினேன். பேப்பர் ஜாம்! பின்பக்க மூடியைக் கழற்றி ரப்பர் உருளைகளை ஈரத்துணியால் துடைத்தேன். காகிதக் கட்டை விசிறி மாதிரி விரித்து, தட்டிச் சீராக்கி வைத்தேன். ம்ஹூம்.

கடைசியில் உள்ளே இருந்த காகிதம் மொத்தத்தையும் எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டேன். அப்போதும் பேப்பர் ஜாம்! காகிதமே இல்லாத இடத்தில் எதய்யா சிக்கும்?

"அப்பா, ஜல்தி!" என்றாள் நித்யா. என் மகள். ஒன்பதாம் வகுப்பு. எரிமலைகள் பற்றிப் பதினெட்டுப் பக்க புராஜெக்ட், அத்தனையும் கலரில். திங்கட்கிழமை காலை டீச்சர் மேஜையில் இருக்க வேண்டும்.

சமையலறையிலிருந்து பத்மா குரல் கொடுத்தாள். நான் பயந்துகொண்டிருந்த அதே வாக்கியம்.

"ஏங்க, முருகேசன் தம்பியக் கூப்பிடலாமா?"

முருகேசன் எங்கள் எதிர் ஃப்ளாட். மதுரைக்காரர். ஏர்போர்ட்டில் இன்ஜினீயர். தில்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டி லிஃப்ட் நின்றால் அவர் போய் எதையோ அமுக்குவார், ஓடும். தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் அவர் ஒரு தட்டு தட்டுவார், ஏறும். அவர் வீட்டு கூலர் ஒழுகாது. அவர் ஸ்கூட்டர் ஜனவரிக் குளிரிலும் முதல் உதையிலேயே கிளம்பும். என்னைவிட ஆறு மாதம்தான் சின்னவர், ஆனாலும் "அண்ணே" என்பார்.

எனக்கு அவர் மேல் பொறாமை. மறைப்பானேன்? நல்ல, தரமான, வயிறு எரியும் பொறாமை.

உங்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார். சொந்த விமானம் வைத்திருக்கிறவனைப் பார்த்து நாம் என்றைக்காவது பொறாமைப்பட்டிருக்கிறோமா? அவன் பாட்டுக்குப் பறக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். எதிர் வீட்டுக் குழாய் சொட்டாமல் இருப்பதைத்தான் தாங்க முடிவதில்லை...

"அவர் என்ன பிரிண்டர் டாக்டரா? நானே பாத்துக்கறேன்" என்றேன்.

"ரெண்டரை மணி நேரமா அதத்தானே பாத்துட்டிருக்கீங்க?"

நித்யா சி.டி.யை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அச்சா, நான் அங்கிள் வீட்ல பிரிண்ட் எடுக்கறேன். அங்கிளுக்கு சப் குச் தெரியும்ப்பா."

சப் குச். எல்லாம் தெரியுமாம்! அப்போ அப்பாவுக்கு? சின்ன வயதில் சைக்கிள் செயின் மாட்டிக் கொடுத்தபோது இதே பெண் என்னைப் பார்த்துக் கை தட்டியிருக்கிறாள். இப்போது கை தட்டலெல்லாம் எதிர் ஃப்ளாட்டுக்குப் போய்விட்டது. பிரிண்டர் எக்கேடு கெட்டாலும் எனக்குக் கவலை இல்லை. என் பெண்ணின் கண்ணில் நான் யார் என்பதுதான் அன்றைக்குக் கேள்வி.

ஐந்தே நிமிஷத்தில் முருகேசன் வாசலில் நின்றார். நித்யாவை அவர் மனைவியிடம் பிரிண்ட் எடுக்க உட்கார்த்திவிட்டு, தானே கிளம்பி வந்திருக்கிறார். பத்மா காபி கொண்டு வந்தாள். முதல் டிகாக்‌ஷன்! எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவதுதான்.

ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லாமல் வந்திருந்தார் மனிதர். மூடியைத் திறந்தார். குனிந்து பார்த்தார். பத்மா உள்ளே போகும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"அண்ணே, ஆயுத பூஜைக்கு உள்ள எதுக்கும் பொட்டு கிட்டு வச்சீகளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வைத்தேன். நான்தான் வைத்தேன். ஸ்கூட்டர், மிக்ஸி, கூலர், கம்ப்யூட்டர் என்று வரிசையாகச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவன், பிரிண்டருக்கு வெளியே மட்டும் வைத்தால் போதுமா, உள்ளே உழைக்கிற மைப்பெட்டிக்கு வேண்டாமா என்று மூடியைத் திறந்து அதற்கும் ஒன்று வைத்தேன்.

"இந்தா பாருங்கண்ணே. குறுக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை ஓடுதுல்ல? மைப்பெட்டி இதப் பாத்துத்தான் தான் எங்க இருக்கோம்னு கணக்கு வச்சுக்கும். இதுல உங்க விரல் பட்டுச் சந்தனம் காஞ்சுபோயிருக்கு. அதுக்கு இடம் தெரியல. எங்கயோ மாட்டிக்கிட்டோம்னு நினைச்சு, பேப்பர் ஜாம்னு கத்துது."

நனைத்துப் பிழிந்த துணியால் அந்தப் பட்டையை மெதுவாக ஒரு இழுப்பு இழுத்தார். காய விட்டார். நான் எடுத்து வைத்த காகிதத்தைத் திரும்ப வைத்து ஸ்விட்சைப் போட்டார். காகிதம் உள்ளே போய், காலையிலிருந்து காத்துக்கிடந்த எரிமலை வெளியே வந்தது. சிவப்பும் மஞ்சளுமாக.

மொத்தம் நாலு நிமிஷம்.

அந்த நேரம் பார்த்து நித்யா உள்ளே வந்தாள். "அரே! ஓடுதே! யாரு சரி பண்ணா?"

நான் வாயைத் திறப்பதற்குள் முருகேசன் சொன்னார்: "ஒங்கப்பாதாம்மா. நான் சும்மா டார்ச் புடிச்சேன்."

நித்யா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஸாரிப்பா! நீ சூப்பர்ப்பா!"

நான் மறுத்தேனா? இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பத்து விநாடி சுகமாகத்தான் இருந்தது. முருகேசன் காபியைக் குடித்துவிட்டு, "வரேண்ணே" என்று போய்விட்டார்.

பிரிண்டர் தெரிந்த மனிதரை எப்படியோ பொறுத்துக்கொண்டிருந்தேன். பெருந்தன்மையும் தெரிந்தால் எப்படி ஐயா பொறுப்பது? என்னால் அப்படிச் சொல்லியிருக்க முடியுமா? நான் கழற்றிய ஒரு ஸ்க்ரூவைக்கூட அடுத்தவர் பெயரில் எழுத மாட்டேன். போன ஞாயிறிலிருந்து என் வயிறு இரண்டு மடங்கு எரிகிறது.

நித்யாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். இங்கே எழுதுவதில் ஆபத்து இல்லை. தில்லியில் பிறந்த பெண்... தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது.

நேற்று இந்தப் பத்தியை அச்செடுத்தபோது அவளே வந்து முதல் பக்கத்தைக் கையில் எடுத்தாள். எனக்குப் பக்கென்றது. மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"வாவ்ப்பா! எவ்ளோ க்ளீனா வந்திருக்கு பிரிண்ட்!"

இருபது வருஷமாக எழுதுகிறேன். இப்போது எனக்கு அந்தப் பிரிண்டர் மீதும் பொறாமை.