இறக்கம் பார்த்து நிறுத்துகிறவள்

என் அக்கா வண்டியைச் சமதரையில் நிறுத்துகிற ஆளே இல்லை. எங்கே போனாலும் அவள் முதலில் தேடுவது ஓர் இறக்கத்தை. சாவியைத் திருகிக் கிளம்பாத நாளில் பிரேக்கை விட்டு, இரண்டாவது கியரில் உருளவிட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டால் போதும், அந்தப் பழைய டீசல் ஜீப் குலுங்கிக்கொண்டு உயிர் பெற்றுவிடும். எனக்குக் குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று, வாசலில் அவ்வளவு இடம் இருந்தும் தெருக்கோடி மேட்டில் வண்டியை நிறுத்தி, பச்சைக் குழந்தையோடு என்னை நடக்க வைத்தாள். பிள்ளைக்கு இப்போது பதினோரு வயது. சமீபம் வரைக்கும் நான் அதை மன்னிக்கவில்லை.

நாங்கள் எல்லோரும் இப்போது சேர்ந்து குடியிருக்கும் வீட்டையும் அப்படித்தான் பிடித்தாள். தண்ணீர் வருமா, சமையலறையில் வெளிச்சம் இருக்குமா என்று அத்தான் உள்ளே ஆராய்ந்துகொண்டிருந்தார். இவள் வெளியே வந்து தண்ணீர் பாட்டில் ஒன்றைத் தெருவில் படுக்கப் போட்டாள். அது உருண்டு உருண்டு மூன்றாவது வீட்டு வாசலில் போய் நின்றது. "இந்த வீடே போதும்" என்று சொல்லிவிட்டாள். அத்தானுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, பயம். அதனால் இந்த மாதிரி விஷயங்களில் அவர் வாயைத் திறப்பதில்லை.

அக்காவுக்குச் சுகாதார நிலையத்தில், சொந்த ஜீப்பை வருஷ ஒப்பந்தத்தில் ஓட்டும் வேலை. வாரத்தில் இரண்டு நாள் நர்ஸையும் தடுப்பூசிப் பெட்டியையும் மலைமேல் இருக்கும் ஏழு சிற்றூர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். பாலம் வரைக்கும்தான் ரோடு. அதற்கு மேல் கல், சேறு, இரண்டு ஓடை. சாதாரண வேன் மூன்றாவது ஊரோடு நின்றுவிடும். மேலே இருக்கிற நான்கு ஊர்களுக்கு அக்காவின் ஜீப்பை விட்டால் வேறு கதி கிடையாது.

திங்கட்கிழமை காலை அவளுடைய பேட்டரி நாள். பேட்டரி இருப்பது பக்கத்து சீட்டுக்கு அடியில், ஒரு குழிக்குள். சீட்டைத் தூக்கி, முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியில் வெந்நீர் ஊற்றி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவுவாள். எங்கள் வீட்டில் யாருடைய பிரஷ் காணாமல் போனாலும் எங்கே போயிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

நான் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவள். என் கடைக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். ஊரில் பாதி வண்டி என் சீட்டோடு ஓடுகிறது. அப்படிப்பட்டவளின் சொந்த அக்கா ஒரு பலகையின் மேல் சாக்கைப் போட்டு உட்கார்ந்து பதினேழு வருஷமாக மலை ஏறிக்கொண்டிருந்தாள். போன மழைக்காலத்தில் ஒருநாள் வண்டியை விட்டு இறங்கியவள் நிமிர முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"வண்டியைக் கொண்டுவந்து கடையில விடு. ரெண்டு சீட்டும் புதுசாப் போடறேன்."

"எனக்கெதுக்குடி அதெல்லாம்?"

"உனக்கு வேணாம். உன் முதுகுக்கு வேணும்."

எந்தத் துணி என்று நான்கு நாள் யோசித்தேன். ரெக்சின் வெயிலில் தொடையைச் சுட்டுவிடும், மழையில் வழுக்கும். ஒருமுறை வேறொரு வண்டியின் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்திருந்த நர்ஸ், பெட்டியைக் கட்டிப்பிடித்தபடியே சறுக்கி கியர் மேல் போய் விழுந்திருக்கிறாள். வெல்வெட் பார்க்க அழகு, ஆனால் ஒரு தடவை சேற்றுத் தண்ணீரைக் குடித்தால் ஒரு வாரத்துக்கு வண்டிக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். தோல் சீட் என்பது காலில் சேறு படாத ஆட்களுக்கு. கடைசியில் தடித்த கான்வாஸ் எடுத்தேன். கொஞ்சம் முரடு, ஆனால் ஆளைப் பிடித்து நிறுத்தும், நனைந்தாலும் ஒரு வெயிலில் காய்ந்துவிடும். சேறு தெறிக்கும் பக்கவாட்டில் மட்டும் ரெக்சின். உள்ளே, உடைத்துப்போட்ட ஒரு பஸ்ஸின் சீட்டிலிருந்து எடுத்த உயரமான ஸ்பிரிங். அடிப்பக்கத்தில் வழக்கமாகச் சாக்கு வைத்து மூடுவோம். தண்ணீர் தேங்கக் கூடாதே என்று இதில் மூடாமல் திறந்தே விட்டேன். மாட்டுவதற்கு முன்னால் சீட்டுக் குழியையும் சுத்தமாகக் கூட்டிப் பெருக்கினேன். இவ்வளவு அக்கறையாக நான் என் வீட்டைக்கூடப் பெருக்கியதில்லை. புது சீட் கலைந்துவிடுமே என்று திங்கட்கிழமைப் பேட்டரி வேலையையும் அக்காவிடமிருந்து நானே எடுத்துக்கொண்டேன்.

அக்கா உட்கார்ந்து பார்த்தாள். ஒருமுறை எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். மறுநாள் மலையிலிருந்து வந்து, நேராக நின்று, "வலிக்கலடி" என்றாள். நான் அன்று முழுக்கக் கடையில் பாடிக்கொண்டே தைத்தேன். பேட்டரிக்காரர் சுவரைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் வம்பு ஆரம்பமானது. சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா மாதம் ஒருமுறை தானே மலைக்குப் போய்ப் பார்வையிடுவது என்று வைத்துக்கொண்டார். கண்டிப்பானவர், நியாயமானவர், என்னைப் போல நல்ல உடம்பு. உச்சியில் இருக்கும் ஊரில் பள்ளிக்கூட மைதானத்தில்தான் ஊசி போடுவார்கள். மலையிலேயே சமதரை அது ஒன்றுதான். அக்கா வழக்கம்போல ஓரத்துச் சரிவில் நிறுத்தப் போனாள். "இங்க மர நிழல்ல நிறுத்துங்க, நான் வண்டியில உக்காந்தே ரிஜிஸ்டர் பாத்துடறேன்" என்றார் டாக்டர். ஒரு மணி நேரம் கழித்துச் சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. கடைசியில் ஊர் ஜனங்களோடு டாக்டரும் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்.

அக்கா பேட்டரிக்காரரிடம் புது பேட்டரி வாங்கி, அவர் கையாலேயே மாட்டவைத்தாள். அடுத்த மாதமும் அதே மைதானம், அதே நிழல், அதே 'டிக்'. நடுவில் வந்த ஏழு நடையிலும் வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. டாக்டர் வரும் நாளில் மட்டும் மானத்தை வாங்கியது. இந்த முறை டாக்டர் தள்ளவில்லை. பெட்டியைத் திறந்து ஐஸைப் பார்த்தார்.

"இதுல இருக்கறது குழந்தைங்களுக்குப் போடற மருந்து. நடுவழியில உருகிட்டா யார் பதில் சொல்றது? அடுத்த மாசமும் இப்படி ஆச்சுன்னா நான் வேற வண்டிக்குத்தான் எழுதணும்மா."

வேற வண்டி என்றால் வேன். வேன் என்றால் மேலே நான்கு ஊர்ப் பிள்ளைகளும் ஊசிக்குக் கீழே நடந்து வர வேண்டும். அக்கா அன்று வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினேழு வருஷத்தில் அவள் தன் வேலையைப் பற்றிப் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

நான் நேராகப் போய்ப் பேட்டரிக்காரரைப் பிடித்தேன். செத்த சரக்கை எங்கள் தலையில் கட்டினீரா என்றேன். அவர் பொறுமைசாலி. பேட்டரியை மூன்று நாள் தன் மேஜையில் வைத்துப் பார்த்தார், இம்மியும் இறங்கவில்லை. மறுபடி வண்டியில் மாட்டி, மீட்டர் வயர்களை முனைகளில் கவ்வவிட்டு, சீட்டை மேலே வைத்தார்.

"வண்டியில புதுசா ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் மாத்தல" என்றாள் அக்கா. நானும் பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினேன். எங்களுக்கு சீட் என்பது துணி விஷயம். மின்சாரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

"எல்லாம் உங்க பேட்டரியோட லட்சணம்" என்று சொல்லிக்கொண்டே, உட்கார்ந்து சாவகாசமாகச் சண்டை போடலாம் என்று அந்தப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

பேட்டரிக்காரர் மீட்டரைப் பார்த்தார். "டெய்லரக்கா, கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தேன்.

"உக்காருங்க."

"என்ன விளையாட்டு இது?"

"முள்ளைப் பாருங்க. நீங்க உக்காந்தா இறங்குது. எந்திரிச்சா ஏறுது."

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. லேசாக ஒரு கருகல் வாடை வந்தது, அது கான்வாஸ் கருகும் வாடை. சீட்டைத் தூக்கிக் கவிழ்த்தேன். நான் பார்த்துப் பார்த்து வைத்த பஸ் ஸ்பிரிங் ஒன்றின் நுனி கறுத்திருந்தது. அதற்கு மேலே துணியில் ஒரு பழுப்பு வட்டம். நர்ஸ் ஒல்லி, அவள் உட்கார்ந்தால் ஸ்பிரிங் பேட்டரி வரைக்கும் இறங்காது. டாக்டரோ நானோ உட்கார்ந்தால் இறங்கி முனையைத் தொட்டுவிடும். சீட் சட்டத்துக்கும் வண்டிக்கும் நடுவில் துருவும் பழைய பெயிண்டும் இருந்ததால் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளாமல், உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் பேட்டரியிலிருந்து மின்சாரம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

"இத்தனை வருஷம் ஏன் ஆகல?" என்றார் பேட்டரிக்காரர்.

அக்கா குழிக்குள் பார்த்தாள். "இங்க ஒரு ரப்பர் ஷீட் இருக்குமே. டியூபை வெட்டி நான் பேட்டரி மேல கட்டி வச்சது."

அது எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். சேறும் பிசுக்குமாகக் கிடந்த அந்தக் கறுப்பு ரப்பரை, சீ என்று இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டவள் நான்தான்.

"நான்தான்க்கா தூக்கிப் போட்டேன்" என்றேன். இந்த முறை அழுகை கோபமாக வரவில்லை, அழுகையாகவே வந்தது. மருந்துப் பெட்டி, நர்ஸ், டாக்டர், அக்கா, எல்லோரும் என் சீட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பற்றிக்கொண்டிருந்தால்?

அக்கா அந்தப் பழுப்பு வட்டத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

"அது எதுக்குன்னு நான் உன்கிட்ட சொல்லல. நீயும் கேக்கல. ரெண்டு பேர் மேலயும் தப்புதான். மூக்கைத் துடைச்சிட்டு வேலையைப் பாரு."

அன்றே பேட்டரிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக, இனிமேல் கடையில் பாடாமல் இருந்தால் போதும் என்றார். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கினேன். சட்டத்துக்கு அடியில் மரக்கட்டை வைத்து நான்கு விரல்கடை உயர்த்தினேன். அடிப்பக்கத்தை இரட்டைச் சாக்கால் மூடினேன். டியூப் ரப்பரை இரண்டு மடிப்பாக வெட்டி, ஓரத்தைத் தைத்து, பேட்டரிக்கு மூடியாக வாரால் கட்டினேன். பிறகு சீட்டை மாட்டி, அதன் மேல் நானே குதித்துக் குதித்து உட்கார்ந்தேன். முள் அசையவில்லை. இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"டாக்டர் வர்ற அந்த ஒரு நாளைக்கு மட்டும் பழைய பலகையைப் போட்டுக்கயேன்" என்று அக்காவிடம் கெஞ்சினேன்.

"எந்தப் பலகை? அதை அன்னிக்கே அடுப்புல வச்சுட்டேன்" என்றாள்.

டாக்டர் பார்வையிடப் போன நாளில் நானும் கூடப் போனேன். நர்ஸோடு பின்னால் உட்கார்ந்து, பெட்டியைப் பிடித்துக்கொள்கிற சாக்கில் முன் சீட்டையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி ஊர் வந்தது. டாக்டருக்கும் பட்ட அனுபவம் இருந்தது.

"நீங்க வழக்கமா நிறுத்தற இடத்துலயே நிறுத்துங்கம்மா. நான் நிழல் கேக்கல."

அக்கா அந்தச் சரிவைத் தாண்டினாள். ஓரத்தைத் தாண்டினாள். மைதானத்தின் நட்டநடுவில், தண்ணீர் பாட்டில் போட்டால் அசையாத சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தாள். சாவியை உருவி என் உள்ளங்கையில் வைத்தாள். "பத்திரமா வச்சிரு" என்று சொல்லிவிட்டு, நர்ஸோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு ஒரு யுகம். டாக்டர் முன் சீட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் அசையும்போதெல்லாம் கருகல் வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தேன். தாங்க முடியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: ஸ்பிரிங், ரப்பர், கருகிய துணி, எல்லாம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் வந்தா மட்டும் வண்டி நின்னு போகுதேன்னு எனக்கே கஷ்டமா இருந்துச்சு. அப்போ என் வெயிட்டுதானா காரணம்?"

"இல்லீங்க டாக்டர். என் கைதான் காரணம். எங்க அக்கா மேல ஒரு தப்பும் இல்ல. அவ வண்டியைக் கண்ணு மாதிரி வச்சிருப்பா."

அவர் குனிந்து சீட்டின் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி ரிஜிஸ்டருக்குள் போனார்.

அக்கா திரும்பி வந்தாள். நான் சாவியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீயே திருகு."

"எனக்கு ஓட்டத் தெரியாதுக்கா!"

"யாரு உன்னை ஓட்டச் சொன்னா? நியூட்ரல்லதான் இருக்கு. திருகு."

எட்டிச் சாவியைப் போட்டேன். இரண்டு முறை துளை தப்பியது. டாக்டர் சீட்டிலேயே இருந்தார். திருகினேன். ஒரே திருகில் ஜீப் உறுமிக்கொண்டு எழுந்தது. ஊர்ப் பிள்ளைகள், தள்ளுவதற்காகத் தயாராக நின்றதுகள், ஏமாந்துபோய்க் கத்தின.

அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "தள்ளிக்கோ, நேரமாச்சு" என்று ஏறி உட்கார்ந்தாள். பாலத்தைத் தாண்டும்போது டாக்டர், "அடுத்த வருஷத்துக்கும் இந்த வண்டிக்கே எழுதிடறேன்" என்றார். அக்கா கியரை மாற்றிக்கொண்டே, "சரிங்க டாக்டர்" என்றாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வழக்கம்போல இறக்கம் பார்த்துத்தான் வண்டியை நிறுத்தினாள். வேறு நாளாக இருந்தால் நான் கேலி செய்திருப்பேன். பதினேழு வருஷத்தில் ஒரே ஒரு தடவை அவளாகவே சமதரையில் எஞ்சினை அணைத்தாள், அது நான் தைத்ததை நம்பி. குழந்தையோடு என்னை நடக்க வைத்ததை அன்றைக்குத்தான் மன்னித்தேன்.