மஜீத் பாயின் ராட்டினமும் வராத மலேசியா பஸ்ஸும்

ஒரு ராஜாவை நாட்டைவிட்டே ஓட வைத்து, ஒரு தீவுக்கு வெள்ளைக்காரர்கள் வருவதை நிறுத்தி, கடைசியில் தென்னார்க்காடு மாவட்டத்தில் ரோட்டோரம் நின்ற மரங்களையெல்லாம் குப்புறக் கவிழ வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சி மஜீத் பாய். இதற்கெல்லாம் அவரிடம் பீரங்கி எதுவும் இருந்ததில்லை. ராட்டினம் சுற்றினார், அவ்வளவுதான்.

நம்பாவிட்டால் வரிசையாகப் பாருங்கள். முதலில் ஈரான். டெஹ்ரானுக்கு வெளியே ஓர் உல்லாசப் பூங்காவில் ராட்டினத்துக்கு கிரீஸ் வைக்கும் வேலை. பாய் போய்ச் சேர்ந்து, கிரீஸ் டப்பா எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்குள் ஊர்வலம், கடையடைப்பு, துப்பாக்கிச் சூடு. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். கொஞ்ச நாளில் ராஜாவும் விமானம் ஏறினார். "ராஜா போனது ஒலகம் பூரா பேப்பர்ல வந்திச்சி. எனக்கு வேலை போனது ஒரு பேப்பர்லயும் வரல" என்று பாய் இன்றைக்கும் குறைப்படுவார்.

அடுத்தது இலங்கை. கொழும்புக்குப் பக்கத்தில் கடற்கரையில் ஒரு பூங்கா. ஜெர்மனிக்காரர், ஸ்வீடன்காரர் எல்லாம் அரைக்கால் சட்டையோடு வந்து சுற்றிவிட்டுப் போவார்களாம். இந்த முறை பாய் ஆபரேட்டர். இரண்டு வருஷம் நன்றாகத்தான் போனது. எண்பத்து மூன்று ஜூலையில் ஒரு நாள், உச்சித் தொட்டிலில் உட்கார்ந்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தபோது, ஊருக்குள்ளிருந்து புகை எழுவதைப் பார்த்தார். ஓரிடத்தில் இல்லை. எங்கே திரும்பினாலும் புகை. அதைப் பற்றி இதற்கு மேல் அவர் பேச மாட்டார். பேச்சை மாற்றி, பேரிங்கைப் பற்றிச் சொல்வார். ஆள் வராமல் நின்றுபோன பிறகும் மூன்று மாதம், பேரிங் துருப்பிடிக்கக் கூடாதென்று தினமும் காலையில் வெறும் ராட்டினத்தைச் சுற்றிவிட்டாராம். நாலாவது மாதம் முதலாளி கேட்டைப் பூட்டிவிட்டார்.

வேறொருவராக இருந்தால் இதற்கப்புறம் மளிகைக் கடை வைத்திருப்பார். பாயின் அண்ணன் தம்பிகள் எல்லோருமே கள்ளக்குறிச்சி பஜாரில் கடைதான் வைத்திருக்கிறார்கள். இவர் ஒரு பழைய ராட்டினத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை அடிவாரத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கிணற்றில் தண்ணி இறைக்கிற ஆயில் எஞ்சினை அதற்குக் கட்டினார். "வெளிநாட்டுலதான் எப்பப் பாத்தாலும் கலாட்டா. இங்க இன்னா வரப்போவுது? மாடு கூட கேட்டுட்டுதான் கத்தும்" என்றார்.

உலக உல்லாசப் பூங்கா என்று பேர். உலகம் என்றால் ஒரு ராட்டினம், ஒரு சறுக்கு மரம், ஒரு கங்காரு. கங்காருவைச் சுதையில் செய்தவர் முனியன். அவர் அதுவரை ஐயனாருக்குக் குதிரை மட்டும் செய்து பழகியவர். ஆகவே கங்காருவுக்கு உருட்டு விழி, கழுத்தில் சலங்கை, வாயில் கடிவாளம். பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "கடிவாளம் இல்லன்னா இது ஓடிடுங்க பாய்" என்றார் முனியன். நான் என் பங்குக்கு அதன் வாயில் ஒரு பீடியைச் செருகி வைத்தேன். ஒரு வாரம் வரைக்கும் பாய் அதையும் முனியன் வேலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

நான் பூமாலை, பக்கத்து ஊர். பத்தாவதில் பெயிலாகிக் கோட் அடித்தவன். பரீட்சைத் தாளில் என்னால் தப்பில்லாமல் போட முடிந்தது உச்சியில் வைக்கும் பிள்ளையார் சுழி ஒன்றுதான். ஆனால் பாயின் பூங்காவில் எனக்கு மரியாதை உண்டு. ராட்டினத்தில் ஒரு பக்கம் ஆள் ஏறினால் எதிர்ப்பக்கம் அதே பாரம் வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் திணறும். அதற்குப் பாய் மணல் மூட்டை வைத்திருந்தார். மூட்டை பேசாது, நான் பேசுவேன் என்பதால் என்னை ஏற்றிக்கொள்வார். இப்படியாக டிக்கெட் இல்லாமல் அந்த ராட்டினத்தில் என் அளவுக்குச் சுற்றியவர் எவரும் இல்லை.

எண்பத்தேழு ஆகஸ்டில் மெட்ராஸிலிருந்து ஜுனைத் என்பவர் எழுதினார். கொழும்பில் பாயோடு வேலை பார்த்தவர், அப்போது ஒரு டூரிஸ்ட் கம்பெனியில் இருந்தார். மலேசியாவிலிருந்து முப்பத்தெட்டுப் பேர் வருகிறார்கள், ஏற்காடு போகிற வழியில் பூங்காவில் அரை நாள் நிறுத்துகிறேன், அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மாதம் ஒரு பஸ் வரும் என்று கடிதம். பாய் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். ராட்டினத்துக்குப் பச்சையும் மஞ்சளும் அடித்தார். கங்காருவின் கடிவாளத்தை உளி வைத்து எடுத்தார். அதோடு ஒரு பல்லும் வந்துவிட்டது.

செப்டம்பர் பதினேழாம் தேதி பஸ். அதே பதினேழாம் தேதியிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். எங்கள் சாதி ஆட்களுக்கு இருபது சதவீதம் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்று. எங்கள் அண்ணன் அறிவுச்செல்வன் பி.ஏ. முடித்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு, சர்டிபிகேட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் கவரே மூன்று முறை கிழிந்திருந்தது. அவனும் சுவரில் எழுதினான். பூங்காச் சுவரில்கூட எழுதினான்.

பாய் அதைப் படித்துவிட்டு, "ஒரு நாள் கத்திட்டு வூட்டுக்குப் போயிடுவாங்க" என்றார்.

"டெஹ்ரான்லேந்து போட்ட கடுதாசிலயும் இதத்தான் எழுதினீங்க" என்றார் ஷர்புன்னிசா. பாயின் மனைவி. ஊரில் எல்லோருக்கும் பாயம்மா.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டுப் பார்த்தார்கள். மலேசியாக்காரர்கள் ஏற்கெனவே வந்து இறங்கியாகிவிட்டது, தேதி மாற்ற முடியாது என்று பதில்.

பதினேழாம் தேதி காலையில் பூங்காவில் நாற்பது பேருக்குப் பிரியாணி தம்மில் இருந்தது. பாய் வெள்ளைச் சட்டை போட்டு, கல்யாண வீட்டில் தெளிக்கும் பன்னீர்ச் செம்போடு கேட்டில் நின்றார். கூப்பிடு தூரத்தில், கச்சிராயபாளையம் ரோட்டில், ஒரே அடியிலிருந்து இரண்டாகப் பிரிந்து நின்ற ரெட்டைப் புளியமரம். அதை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஆள் இழுக்கும் ரம்பம். ஒரு முனையில் அண்ணன். இன்னொரு முனையில் யார் என்பதை அப்புறம் சொல்கிறேன். அண்ணன் கேட்டது நியாயம். பாய் கேட்டதும் நியாயம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ரோடுதான் இருந்தது.

மரம் பத்தரைக்கு விழுந்தது. பஸ் பதினொன்றுக்கு வரவில்லை, பன்னிரண்டுக்கும் வரவில்லை. இரண்டு மணிக்கு வந்தது மரம் வெட்டிய இருபது பேர், தண்ணி குடிக்க. பாய் அவர்களைப் பார்த்தார். பிரியாணி அண்டாவைப் பார்த்தார். கையிலிருந்த பன்னீரைப் பார்த்தார்.

"வாங்கய்யா வாங்க, மலேசியாக்காரங்களே!" என்று கத்திக்கொண்டு ஒவ்வொருவர் முகத்திலும் பன்னீரைச் சுளீர் சுளீரென்று அடித்தார். "ஒக்காருங்க. ஒங்களுக்குத்தான் நேத்து ராத்திரிலேந்து ஆக்கிக்கினு கெடக்கறோம். ஈரான்ல என்னை வெரட்டினான், சோறு போடல. இங்க நானே சோறு போட்டு வெரட்டிக்கறேன்!"

"பாய், நாங்க ஒங்களுக்கு எதிரா இல்லீங்க" என்றான் அண்ணன்.

"எவன்டா எனக்கு எதிரா இருந்தான்? ஒருத்தனும் எனக்கு எதிரா இல்ல. எல்லாரும் கவர்மெண்டுக்கு எதிராதான் இருக்கறீங்க. நிக்கறது மட்டும் என் ராட்டினம்!"

 எல்லோரும் சாப்பிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். என் இலையில் கறி வைக்கும்போது பாய் என் தலையிலிருந்து எதையோ ஊதித் தட்டிவிட்டார். அடுத்த இலைக்குப் போனார்.

அந்த வாரம் ரோட்டில் மரங்கள் மட்டும் விழவில்லை. விழுப்புரம் பக்கம் போலீஸ் சுட்டு ஆட்களும் விழுந்தார்கள். அண்ணன் பத்து நாள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா பாதி உயிராய் இருந்தாள். அவன் ஒளிந்திருந்த கரும்புத் தோட்டத்திலிருந்து சேறும் தாடியுமாக வந்து சேர்ந்தபோதுதான் அடுப்பு எரிந்தது. மரங்களை இழுத்துப் போட்டு ரோட்டைத் திறந்த பிறகும் அணைக்கு ஈ காக்கை வரவில்லை. வெளியூர் வண்டி எங்கள் மாவட்டத்துப் பேரைக் கேட்டாலே வேறு ரூட்டில் திரும்பியது. பாய் மறுபடியும் காலையில் எஞ்சினைத் தட்டி, வெறும் ராட்டினத்தைச் சுற்றிவிட்டு, நிறுத்திவிட்டு, உட்கார்ந்திருந்தார். இது மூன்றாவது நாடு.

பாயம்மா ஒரு நாள் பூங்காவுக்கே வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மலேசியாலேந்து ஒரு வரி வரட்டும், வர்றோம்னு. நான் வாயத் தெறக்க மாட்டேன். வரலன்னா புதன்கிழமை சங்கராபுரத்து இரும்புக்காரரு வருவாரு. பிரிச்சிப் போட்டுட்டு வூடு வந்து சேருங்க. எனக்கு வயசாவுதுங்க. ஒவ்வொரு தடவையும் எந்த ஊர்ல சுடறாங்கன்னு ரேடியோவுல கேட்டுக்கினு ஒக்கார என்னால முடியாது."

"ஜுனைத்கிட்டேருந்து ஒன்னும் வரல. வரும்" என்றார் பாய், தரையைப் பார்த்துக்கொண்டு.

வராது என்று எனக்குத் தெரியும். ஆகவே நானே வரவழைத்தேன். பினாங்கில் மாமா இருக்கிற ஒரு பையனிடம் கோலிகளைக் கொடுத்து மலேசியா ஸ்டாம்பு வாங்கினேன். ஸ்டாம்பில் பாதி முத்திரை இருந்தது. மீதிப் பாதியைச் சோடா மூடியை மையில் தோய்த்துக் கவரில் வைத்தேன். போஸ்ட் மாஸ்டரே ஏமாந்திருப்பார். பாய்க்கு நெருக்கமாக இருக்கட்டுமென்று பாத்திமா பீவி என்று பேர் வைத்தேன். இப்படி எழுதினேன்:

"அஸ்ஸலாமு அலைக்கும். மலேசியாவிலிருந்து பாத்திமா பீவி எழுதிக்கொண்டது. நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் உங்கள் பூங்காவைப் பார்க்க ஆசை ஆசையாக வந்தோம். ரோட்டில் ரெட்டைப் புளியமரம் விழுந்து கிடந்தபடியால் பஸ் திரும்பிவிட்டது. ஆனாலும் ராட்டினத்தின் உச்சி தெரிந்தது. எங்கள் நாட்டில் இவ்வளவு அழகான ராட்டினம் கிடையாது. மரத்தை அறுத்தவர்கள் மேல் கோபம் வேண்டாம், அவர்களும் ஏதோ கஷ்டத்தில்தான் அறுத்திருப்பார்கள். ராட்டினத்தை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். அடுத்த வருஷம் கட்டாயம் வருவோம்."

புதன்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது இரும்புக்காரர் சடையன் டெம்போவோடு வந்து, ராட்டினத்தின் காலைச் சுத்தியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போல. பாயம்மா பக்கத்தில் நின்றார். பாய் முதுகைக் காட்டிக்கொண்டு அணையைப் பார்த்திருந்தார்.

"பாய்! போஸ்ட்மேன் டீக்கடையில குடுத்தாரு. வெளிநாட்டு கவருங்க!"

பாய் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரித்தார். தாளின் உச்சியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொழுகைக்குக் கூப்பிடுகிற குரலில் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் உரக்கப் படித்தார்.

"யாருக்கும் குடுக்காதன்னு எழுதியிருக்காளே, நாம குடுக்கப்போறது அவளுக்கு எப்பிடிங்க தெரியும்?" என்றார் பாயம்மா.

"மலேசியா முன்னேறின நாடு, ஷர்பு. அங்க எல்லாம் முன்னாடியே தெரியும்."

பாயம்மா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சடையா, வண்டிய எடு. என்ன கச்சிராயபாளையத்துல எறக்கி வுட்டுடு" என்றார். சொன்ன சொல் தவறாத மனுஷி. டெம்போ புறப்பட்டதும் எனக்கு விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"ஏறுடா" என்றார் பாய்.

எதிர்த் தொட்டிலில் மணல் மூட்டையை வைத்தார். எஞ்சினைத் தட்டினார். மூட்டை கீழே போக, நான் மேலே போனேன். உச்சிக்குப் போனதும் எஞ்சின் நின்றது. பாய் நிறுத்துக் கட்டையைப் போட்டுவிட்டு, கடுதாசியை விரித்துப் பிடித்தார்.

"பூமாலை! இந்த பாத்திமா பீவி நல்ல தீன்தாரிதான் போல, மார்க்கம் தெரிஞ்சவ. சலாம்லாம் சொல்றா. ஆனா சலாமுக்கு மேல பிள்ளையார் சுழி போட்டிருக்கறாளே, எந்த ஊரு வழக்கம்டா அது?"

 நாற்பதடி உயரத்திலிருந்து ஓட முடியாது.

"எறக்குங்க பாய்."

"இரு. ஜுனைத் கார்டு போட்டு பத்து நாளாவுது. பாயம்மாகிட்ட நான் காட்டல." சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து ஆட்டினார். "மலேசியாக்காரங்க உளுந்தூர்பேட்டையிலயே திரும்பிட்டாங்க. கள்ளக்குறிச்சியக்கூட கண்ணால பாக்கல. அப்ப இந்தப் பொம்பளைக்கு நம்ம ரெட்டைப் புளியமரம் எப்பிடித் தெரியும்? அங்கேந்து பாரு, ரோட்டோரம் அடிக்கட்டை தெரியுதா?"

தெரிந்தது. இன்னும் வெள்ளையாக இருந்தது.

"அன்னிக்கு சோறு போடும்போதே ஒன் தலையில மரத்தூளு இருந்திச்சிடா" என்றார் பாய். கார்டையும் கடுதாசியையும் ஒன்றாக மடித்துப் பையில் வைத்தார். "ஒன் மரம் ஒரு பஸ்ஸயும் நிறுத்தல. வெட்டியாதான் வுழுந்திச்சி."